குறைந்த செலவில் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே எனக்கு இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். நண்பர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திருப்பிச் சொல்லவில்லை, எண்ணைப் பார்த்து மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. கையில் காசு கம்மி. முதலில் எதைச் செய்யணும்?

கதவு, ஜன்னல், சுவரில் உள்ள சந்துகளை அடைத்துவிடுங்கள். அப்புறம் ஜன்னல் கண்ணாடி, அதற்கப்புறம் தரையும் கூரையும். ஹீட்டர் கடைசி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் குளிரிரவில் நடுங்கிப்போய் மறுநாளே ஹீட்டர் வாங்கி வந்துவிடுகிறார்கள். அது கொடுக்கும் சூடு கதவிடுக்கு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஓட்டையை ஒருமுறை அடைத்தால் அந்தப் பருவம் முழுக்க நிற்கும். ஹீட்டருக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு.

வேலையைக் குளிர் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒட்டுகிற டேப், சிலிகான் பசை எதுவுமே சில்லிட்ட, ஈரமான பரப்பில் சரியாகப் பிடிக்காது. வெயில் அடிக்கிற ஒரு பகலில், துடைத்துக் காயவிட்டு ஒட்டினால்தான் நிற்கும்.

2. சந்து எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பார்த்தா எல்லாம் மூடித்தான் இருக்கு.

கண்ணால் பார்த்தால் தெரியாது, புகையை விட்டுப் பார்க்கணும். காற்றடிக்கிற ஒரு நாளில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது, ஒவ்வொரு சந்து வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். கேஸ் கீசரோ விறகடுப்போ எரியும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, அதன் புகை வீட்டுக்குள் திரும்பிவிடும். இப்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவு நிலை, ஜன்னல் சட்டம், சுவரோரம் என்று மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலையை முன்பே ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

முதல்முறை இதைச் செய்தபோது நான் ஜன்னலைத்தான் சந்தேகப்பட்டேன். ஜன்னலருகே புகை நூல் பிடித்த மாதிரி நேராக ஏறியது. வெளிச்சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் யாரோ ஊதியது போலச் சட்டென்று மடங்கியது. பெட்டிக்குள் மின்கம்பி வரும் குழாய் வழியாகத்தான் இத்தனை வருடமும் குளிர் வந்திருக்கிறது. சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் இடம், கேபிள் வரும் துளை, ஏசி குழாயைச் சுற்றி உள்ள இடைவெளி, சாவித் துவாரம், மரச்சட்டமும் சுவரும் சேரும் விளிம்பு, பரண் மூடி ஆகியவற்றையும் விடாதீர்கள். புகை மடங்கும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு குறி போட்டு வைத்தால் பிறகு வேலை சுலபம்.

3. கதவுக்கு அடியில ஒரு விரல் சந்துதான் இருக்கு. அதுக்குப்போய் இவ்வளவு கவலையா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவின் அகலம் 90 சென்டிமீட்டர், அடியில் சந்து 1 சென்டிமீட்டர். மொத்தம் 90 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 9.5 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுர ஓட்டைக்குச் சமம். சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தால் யாராவது சும்மா விடுவோமா? அதிலும் சூடான காற்று லேசானது, மேலே ஏறி உயரமான இடுக்குகள் வழியாக வெளியேறும். அது காலி செய்த இடத்தை நிரப்பக் கீழ்ச் சந்து வழியாகக் குளிர்காற்று வரும். கதவடிச் சந்து இந்த ஓட்டத்தின் நுழைவாசல்.

மருந்து சுலபமானது. பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, உள்ளே மணலும் துணித்துண்டும் கலந்து நிரப்பி மறுமுனையையும் தைத்துவிடுங்கள். வெறும் துணி என்றால் கதவோடு நகர்ந்துவிடும், மணல் சேர்த்தால் கனத்தில் படிந்து கிடக்கும். மணலை முதலில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தையல் வழியாகக் கொட்டி நித்தம் கூட்டணும். கதவைவிட நாலு விரல் நீளமாக இருக்கட்டும். அடிக்கடி திறக்கிற வாசல் கதவு என்றால், கதவிலேயே திருகிவிடும் பிரஷ் பட்டையோ ரப்பர் பட்டையோ பொருத்துவது மேல்.

4. ஜன்னல் ஓரத்துக்கு எதை ஒட்டுறது? கடையில நாலஞ்சு வகை காட்டுறாங்க.

திறந்து மூடுகிற பாகமா, அசையாத பாகமா என்று மட்டும் பாருங்கள். அசையாத பாகத்துக்கு, அதாவது சட்டமும் சுவரும் சேரும் விளிம்பு, விரிசல், குழாய்த் துளை ஆகியவற்றுக்கு சிலிகான் அல்லது பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் பசை. திறந்து மூடும் பாகத்துக்கு ஒட்டுப் பட்டை. ஃபோம் பட்டை மலிவு, ஆனால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும். ரப்பர் பட்டை விலை கொஞ்சம் கூட, பல வருடம் உழைக்கும். தினமும் திறக்கிற ஜன்னலுக்கு ரப்பர், எப்போதாவது திறப்பதற்கு ஃபோம் என்று பிரித்துக்கொண்டால் காசு மிச்சம்.

அளவு முக்கியம். தடிமன் கூடிப்போனால் ஜன்னல் சாத்தாது, கொண்டி விழாது. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து ஜன்னலைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே பட்டை வேண்டும். ஒட்டியபின் அதே காகிதம் இறுக்கமாகப் பிடிக்கணும்.

5. கண்ணாடியில பபுள் ராப் ஒட்டினா நிஜமாவே பலன் இருக்கா?

இருக்கிறது. ஒற்றைக் கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளும் புறமும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 5.5 வாட் சூட்டை வெளியே விடுகிறது. ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல், வித்தியாசம் 15 டிகிரி என்றால் சுமார் 124 வாட். ஒரு நாள் முழுக்க அப்படியே போனால் கிட்டத்தட்ட 3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு, ஒரே ஒரு ஜன்னலில். இரட்டைக் கண்ணாடியில் இது ஏறத்தாழப் பாதியாகிவிடும். நடுவில் அடைபட்டு நிற்கும் காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. பபுள் ராப் அதே வித்தையைக் குறைந்த செலவில், கொஞ்சம் குறைந்த பலத்தில் செய்கிறது.

கண்ணாடியைத் துடைத்து, தண்ணீரை லேசாகத் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியில் படும்படி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பசையே வேண்டாம். வெளிச்சம் வரும், வெளியே பார்ப்பது மட்டும் மங்கும். பார்வை தெளிவாக வேண்டும் என்கிற ஜன்னலுக்குச் சட்டத்தின் மேல் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் உள்ளே காற்று சுழலத் தொடங்கும், கூடுதல் பலன் கிடைக்காது. அவசரத்துக்கு வெளியேறக்கூடிய ஜன்னல் ஒன்றையாவது இப்படி மூடாமல் விட்டுவிடுங்கள்.

6. கனமான திரை வாங்கினா போதாதா?

திரையும் நல்லதுதான், தொங்கவிடும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, திரையின் அடியில் வழிந்து அறைக்குள் வரும். மேலே திறந்திருந்தால் சூடான காற்று அந்தப் பக்கமாக உள்ளே போகும், சுழற்சி நிற்காது. ஆகவே அடிவிளிம்பு ஜன்னல் திண்டையோ தரையையோ தொடட்டும், மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு அட்டையால் மூடுங்கள். புதுத் திரை வாங்க வேண்டாம். இருக்கிற திரையின் பின்பக்கம் பழைய போர்வையை ஊக்கால் கோத்தாலே போதும்.

பகலில் வெயில் விழும் ஜன்னலில் திரையை விலக்கி வையுங்கள், சூரியன் தருவது இலவசச் சூடு. வெயில் இறங்கியதும் உடனே மூடிவிடுங்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

7. தரை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? அறையில மத்ததெல்லாம் பரவாயில்லையே.

தரை பெரும்பாலும் மற்ற பொருள்களைவிட ரொம்பக் குளிர்ந்து இருப்பதில்லை. டைல்ஸும் கல்லும் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சுகின்றன, மரமும் துணியும் மெதுவாக. அதனால் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் டைல்ஸ் சில்லென்று படும். நீங்கள் உட்காரும் இடம், கட்டிலில் இருந்து கால் வைக்கும் இடம், படிக்கும் மேசையின் அடி, இந்த மூன்றிலும் கம்பளமோ தடித்த விரிப்போ போட்டால் போதும், அறை முழுவதும் மூட வேண்டாம். அடியில் செய்தித்தாள் அடுக்கோ அட்டையோ வைத்தால் இன்னும் நல்லது. விரிப்பு வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயதானவர் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

8. கூரைக்கு என்ன செய்யலாம்? அதுக்குப் பெரிய செலவு ஆகுமே.

பரண் அல்லது பொய்க்கூரைக்கு மேல் ஆள் நுழையும் இடம் இருந்தால், அங்கே வெப்பக்காப்புக் கம்பளி (கண்ணாடி இழை விரிப்பு) போடுவதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகப் பலன் தரும் பெரிய செலவு. சூடு மேலே ஏறி முதலில் முட்டுவது அங்கேதான். முழுதாக முடியாவிட்டால் நீங்கள் தூங்கும் அறைக்கு மேலாவது செய்யுங்கள். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அந்தக் கம்பளியைத் தொடாதீர்கள். மின்விளக்குப் பெட்டிகளின் மேல் போட்டு மூடக் கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும்.

தெர்மோகோல் அட்டையைக் கூரையில் ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சூட்டை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் எளிதில் தீப்பற்றும், எரியும்போது சொட்டும், கரும்புகை கக்கும். அறைக்குள் திறந்தபடி ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

9. இப்படி எல்லாத்தையும் அடைச்சிட்டா மூச்சு முட்டாதா?

சரியான கேள்வி. சந்துகளை அடைக்கச் சொன்னேன், காற்றுப்போக்கியை அடைக்கச் சொல்லவில்லை. சமையலறை, குளியலறை வென்டிலேட்டர், கேஸ் கருவி இருக்கும் இடத்துச் சுவர்த்துளை, புகைபோக்கி ஆகியவற்றில் கை வைக்கவே வைக்காதீர்கள். அந்தத் துளைகள் வேண்டுமென்றே விடப்பட்டவை.

பழைய காற்று போக, தினம் இரண்டு தடவை எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். சூடெல்லாம் போய்விடுமே என்று பதற வேண்டாம். மூன்றுக்கு நாலு மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருப்பது 30 கன மீட்டர் காற்று, எடை சுமார் 36 கிலோ. அதை 10 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.1 யூனிட் மின்சாரம் போதும். அறையின் சூட்டில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் மேசை நாற்காலியிலும்தான் இருக்கிறது, பத்து நிமிடத்தில் அது ஆறிவிடாது. நாள் முழுக்க ஒரு ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதுதான் சுவரையே குளிர வைக்கும்.

10. காலையில எழுந்தா ஜன்னல் முழுக்க வியர்த்துக் கிடக்கு. மழைத்தண்ணி உள்ளே வருதா?

இல்லை, அது உங்கள் வீட்டுக்குள் இருந்த ஈரம்தான். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் வரை தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 12 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். ஒற்றைக் கண்ணாடி இரவில் சுலபமாக அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

ஈரம் எங்கே உண்டாகிறதோ அங்கேயே அதை வெளியேற்றுங்கள். சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், குளித்தபின் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் ஜன்னலைத் திறங்கள். துணியை அறைக்குள் காயப்போடுவது முக்கியக் காரணம். ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை தண்ணீர் அறைக் காற்றில் கலக்கும். வேறு வழியில்லை என்றால் ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, அந்த அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலையில் கண்ணாடியில் நிற்கும் நீரைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே பிழியுங்கள்.

11. அலமாரிக்குப் பின்னாடி கறுப்பாப் பூசணம் பிடிச்சிருக்கு. பெயின்ட் அடிச்சா போயிடுமா?

போகாது, பெயின்ட்டுக்கு மேலேயே திரும்ப வரும். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரிக்குப் பின்னால் சூடும் போகாது, காற்றும் போகாது. அந்தச் சுவர் குளிர்ந்து, மேலே 10ஆம் பதிலில் சொன்ன ஈரம் அங்கே வந்து அடையும். பரப்பை ஒட்டிய ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணத்துக்கு அது போதும், தண்ணீர் சொட்ட வேண்டியதே இல்லை. அலமாரியை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் முன்னால் இழுத்துப் போடுங்கள். முடிந்தால் உள்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பிளீச் பயன்படுத்தினால் அதோடு அமோனியாவோ ஆசிட் வகைக் கழுவு திரவமோ வினிகரோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சுத்தம் செய்தும் அதே இடத்தில் கூரையிலிருந்தோ தரையிலிருந்தோ ஈரக்கறை பரவினால் அது கசிவு. அதைக் கொத்தனாரிடமோ பிளம்பரிடமோ காட்டுங்கள்.

12. சரி, ஹீட்டர் வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு. எந்த வகை கரண்டைக் குறைவாகக் குடிக்கும்?

கம்பிச் சுருள், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், குவார்ட்ஸ் எல்லாமே வாங்கும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். "கரண்ட் மிச்சம்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. வித்தியாசம் சூடு வரும் விதத்தில்தான். சிவந்து எரியும் குவார்ட்ஸ் வகை எதிரே இருப்பவரை உடனே சூடாக்கும், காற்றைச் சூடாக்க மெனக்கெடாது. ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க அது சிக்கனம். ஆயில் ஹீட்டர் சூடாக நேரமாகும், அணைத்தபின்னும் சூடு தரும், படுக்கையறைக்கு ஏற்றது. ஃபேன் ஹீட்டர் சிறிய அறையைச் சட்டென்று சூடாக்கும். எதை வாங்கினாலும் வெப்பநிலைக் கட்டுப்பாடும், சாய்ந்தால் தானே அணையும் வசதியும் இருக்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சூடு தரும் வசதியுள்ள ஏசி வெளியிலிருந்து சூட்டை இறைத்து உள்ளே கொண்டுவருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும், கடுங்குளிரில் இது குறையும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் புது ஹீட்டர் எதற்கு? ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

13. ஹீட்டரை நாள் முழுக்கக் குறைச்சு வச்சா செலவு குறையுமா, வேணுங்கறப்போ போட்டாலா?

வேண்டும்போது போட்டால்தான் குறையும். உள்ளும் புறமும் வெப்பநிலை வித்தியாசம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத அறையைச் சூடாக வைத்தால் அத்தனையும் வீண். குளிர்ந்த அறையை மறுபடி சூடாக்க ஆகும் செலவு, இடைப்பட்ட நேரத்தில் மிச்சமானதைவிட அதிகம் ஆகாது. ஆனால் ஈரம் தங்கும் வீடும், குழாய் உறையும் ஊரும் விலக்கு, அங்கே ஓரளவு சூடு எப்போதும் இருக்கணும். 12இல் சொன்ன ஏசி வகையும் அடிக்கடி அணைத்துப் போடுவதைவிட மிதமாக ஓடினால் நன்றாக வேலை செய்யும்.

14. ராத்திரி ஹீட்டரைப் போட்டுட்டே தூங்கலாமா?

வேண்டாம். தூங்கப் போகும் முன் அரைமணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள், இரவுக்குப் படுக்கையைச் சூடாக்கினால் போதும். 1500 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் 12 யூனிட். 100 வாட் மின்போர்வை அதே நேரத்துக்கு 0.8 யூனிட். ஒத்தடப் பை இன்னும் மலிவு, இரண்டு லிட்டர் தண்ணீரை 20இலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 0.1 யூனிட்கூட ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், முக்கால் பங்குக்குக் கீழே நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துணியில் சுற்றி வையுங்கள். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். மின்போர்வையை மடித்து வைத்து ஓட விடாதீர்கள், அதோடு ஒத்தடப் பையையும் சேர்க்காதீர்கள்.

ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் துணி, திரை, காகிதம் எதுவும் இருக்கக் கூடாது. நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

15. மெழுகுவர்த்தி மேல மண்தொட்டியைக் கவிழ்த்தா அறை சூடாகும்னு வீடியோ வருதே?

ஒரு மெழுகுவர்த்தி சுமாராக 50 முதல் 80 வாட் சூடுதான் தரும். தொட்டி அதைச் சேர்த்து வைத்து மெதுவாக விடும், ஒரு துளியும் கூட்டாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே சுமார் 100 வாட் தருகிறார். தொட்டி மிஞ்சிச் சூடானால் மெழுகு மொத்தமாகத் தீப்பற்றும் அபாயமும் இருக்கிறது. குடும்பம் முழுக்க மாலையில் ஒரே அறையில் இருந்து, அந்த ஒரு அறையை மட்டும் சூடாக்குவது பல மடங்கு பயன் தரும்.

16. கரியை நல்லாப் பழுக்க வச்சு, புகை அடங்கின பிறகு உள்ளே கொண்டுவந்தா ஆபத்து இல்லைதானே?

ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள். புகை அடங்கிய கரிதான் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தாராளமாக விடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. கேஸ் அடுப்பை அறை சூட்டுக்காக எரிய விடுவதும், ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவதும் இதே கணக்குத்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம் என்ற சமாதானம் போதாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியவை வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் குறைந்தால், வாயுவைச் சந்தேகப்படுங்கள். எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து, அவசர உதவியை அழைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். எரிபொருள் எரியும் கருவி எதுவானாலும் வீட்டில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள். இந்தப் பக்கம் முழுக்கச் சிக்கனம் பேசுகிறேன், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

17. கைக்குழந்தையும் வயசான அம்மாவும் இருக்காங்க. எவ்வளவு சூடு இருந்தா போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் குளிர்காலத்துக்குக் குறைந்தபட்சம் 18 டிகிரி செல்சியஸ் என்கிறது. முதியவர், குழந்தை, நோயாளி இருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தேவைப்படலாம். ஒரு சாதாரண அறை வெப்பமானி வாங்கி அவர்கள் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். வயதாக ஆகக் குளிரை உணரும் திறன் மங்கும். "எனக்கு ஒண்ணும் குளிரலையே" என்று அம்மா சொன்னாலும் வெப்பமானியைப் பாருங்கள். கைகால் மட்டுமில்லை, வயிற்றுப் பகுதியும் சில்லென்றிருந்தால், பேச்சு குழறினால், மருத்துவரிடம் போங்கள்.

ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தூங்கும்போது தளர்வான போர்வை, தலையணை, ஒத்தடப் பை, மின்போர்வை எதுவும் வேண்டாம். உடுப்பை அடுக்காகப் போடுங்கள். கழுத்தின் பின்பக்கம் வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், அதிகச் சூடும் குழந்தைக்கு ஆபத்துதான்.

18. வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பசை ஒட்டக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டார்.

அப்படியும் பாதிக்கு மேல் செய்யலாம். 3இல் சொன்ன மணல் பை, 5இல் சொன்ன தண்ணீரில் ஒட்டும் பபுள் ராப், போர்வை கோத்த திரை, விரிப்பு எதுவும் சுவடு விடாது. டேப் ஒட்டுவதற்கு முன் ஒரு மூலையில் சின்னத் துண்டை ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்துப் பாருங்கள். ஜன்னல் உடைந்திருந்தாலோ கூரை கசிந்தாலோ உங்கள் காசைப் போடும் முன் படம் எடுத்து ஓனருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

19. எங்க ஊர்ல பூஜ்யத்துக்குக் கீழே போகும். தண்ணிக் குழாய் வெடிச்சிடுமா?

வெடிக்கலாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், அடைபட்ட குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. வெளிச்சுவர், மொட்டைமாடி, பரண் வழியாகப் போகும் குழாய்களுக்கு ஃபோம் உறை போடுங்கள். வளைவுகளிலும் வால்விலும் இடைவெளி விடாதீர்கள். கடுங்குளிர் இரவில் அந்தக் குழாயின் கடைசியில் இருக்கும் திருகுக்குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வையுங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது, கையால் திருகினால் திரும்புகிறதா என்று வீட்டில் உள்ள எல்லாரும் இன்றே பார்த்துவிடுங்கள்.

உறைந்துவிட்டால் முதலில் மெயின் வால்வை மூடி, திருகுக்குழாயைத் திறந்து வைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி வெந்நீர்த் துணியாலோ ஹேர் டிரையராலோ மெதுவாகச் சூடாக்குங்கள். நெருப்பு காட்டக் கூடாது.

20. எல்லாம் செஞ்சாச்சு, வெப்பமானி 19 காட்டுது. இருந்தும் எனக்குக் குளிருதே, ஏன்?

உடம்பு காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர், கண்ணாடி, தரை எவ்வளவு குளிர்ந்திருக்கின்றன என்பதையும் உணர்கிறது. காற்று 19 டிகிரியாக இருந்து, பக்கத்துச் சுவர் 13 ஆக இருந்தால், உங்கள் உடம்புச் சூடு அந்தச் சுவரை நோக்கிக் கதிராகப் போய்க்கொண்டே இருக்கும். வெப்பமானி காட்டுவதைவிட உங்களுக்கு அந்த அறை குளிராகத்தான் படும். இன்னும் ஒரு ஹீட்டர் வாங்குவதற்கு முன் கட்டிலையும் நாற்காலியையும் வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றிப் பாருங்கள். மாற்ற இடமில்லை என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளியைச் சுவரைவிட்டு ஒரு கையகலம் தள்ளித் தொங்கவிடுங்கள், பின்னால் காற்றுப் போகட்டும். வாரம் ஒருமுறை அதை விலக்கிச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் 11ஆம் பதிலுக்குத் திரும்புங்கள்.